காட்டிய அட்டையை மறுபடியும் காட்ட வேண்டுமா?

அக்காவின் மகன் அழுதுகொண்டே மாடிக்குப் போய்விட்டான். எட்டு வயதுப் பிள்ளை. கூடத்தின் நடுவில், கொலையாளியைத் துப்பறிந்து கண்டுபிடிக்கும் ஆட்டமான குளூடோவின் பலகை விரித்தபடியே கிடந்தது. பலகையில் வரைந்த படிப்பறையில் இரண்டு காய்களும் ஒரு சின்னக் கயிறும். "அவன் பொய் சொல்லிவிட்டான் சித்தி. கையில் வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லிவிட்டான்" என்று அவனுடைய அக்கா சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினொரு வயது. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

கோடை விடுமுறைக்கு அவர்கள் வந்து மூன்றாம் நாள் இரவு அது. நான், அக்கா, அவள் பிள்ளைகள் இருவர் என்று நான்கு பேர் ஆடிக்கொண்டிருந்தோம். மகள் படிப்பறைக்குள் நுழைந்து, "புரொஃபசர் பிளம், கயிறு, படிப்பறை" என்று கேட்டாள். அவளுக்கு இடப்பக்கம் இருந்த தம்பி "இல்லை" என்றான். அடுத்து நான். என்னிடமும் இல்லை. அக்காவிடமும் இல்லை. அவள் கையிலும் இல்லாமல், மூவரும் இல்லை என்றால் மூன்று அட்டைகளும் விடையை ஒளித்துவைத்த உறைக்குள்தான் இருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. உடனே குற்றஞ்சாட்டினாள், உறையைத் திறந்தாள். பிளம் இருந்தார், படிப்பறை இருந்தது. மூன்றாவது அட்டை கயிறு அல்ல, ஸ்பேனர்.

கயிறு தம்பியிடம் இருந்தது. ஏன் காட்டவில்லை என்று கேட்டபோது அவன் சொன்ன பதில்தான் என்னை இந்தக் கட்டுரை வரை இழுத்துவந்திருக்கிறது. "அதை முதல் சுற்றிலேயே சித்தியிடம் காட்டிவிட்டேன். ஒருதடவை காட்டியதை மறுபடி காட்டக்கூடாது என்று நினைத்தேன்."

அவன் நினைத்ததில் ஒரு நியாயம் இருந்தது. அவனுக்குத் தெரிந்தது வேறொரு சீட்டாட்டம். அதில் ஒரு சீட்டை இறக்கினால் அது கையை விட்டுப் போய்விடும். இறக்கிய சீட்டை மறுபடி எடுத்து ஆடினால் அதுதான் தப்பாட்டம். அந்தப் பழக்கத்தோடு வந்த பிள்ளைக்கு, இங்கே அட்டை செலவாவதே இல்லை, எத்தனை தடவை கேட்டாலும் அத்தனை தடவையும் காட்ட வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, அவன் முதல் சுற்றில் காட்டிய கயிறு, நான் துப்புகளைக் குறித்துவைக்கும் தாளில், அவன் பெயருக்குக் கீழே, என் கையெழுத்திலேயே குறிக்கப்பட்டிருந்தது. அவன் "இல்லை" என்ற நொடியில் நான் தாளைப் பார்த்திருந்தால் தடுத்திருக்கலாம். என் அடுத்த நகர்வை யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, பிள்ளைகள் எழுவதற்கு முன், பெட்டிக்குள் இருந்த விதிச் சிற்றேட்டை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தேன். பல வருடங்களாக ஆடுகிற ஆட்டம். ஆனாலும் விதிகளை நான் படித்ததே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. பெரியவர்கள் சொல்லக் கேட்டு ஆடினேன், கேட்டதையே சின்னவர்களுக்குச் சொன்னேன். தாயமும் பல்லாங்குழியும் அப்படித்தான் நமக்கு வந்து சேர்ந்தன, அவற்றுக்கு அது பொருந்தும். தாயத்தில் ஒரு விதி ஊருக்கு ஊர் மாறினாலும் ஆட்டம் கெடாது. காய்கள் எல்லாம் எல்லார் கண்ணுக்கும் முன்னால் இருக்கின்றன. தப்பு நடந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். குளூடோ அப்படி அல்ல. இங்கே ஆடப்படுவது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. ஒரு விதி சற்றுப் பிசகினாலும், பிசகியது யாருக்கும் தெரியாமலே நான்கு பேருடைய தாள்களும் கெட்டுப்போகும்.

ஆடாதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய மாளிகை. அதில் ஒரு கொலை. சந்தேகத்துக்குரியவர்கள் ஆறு பேர், ஆயுதங்கள் ஆறு, அறைகள் ஒன்பது. ஆக 21 அட்டைகள். ஒவ்வொரு வகையிலும் ஒரு அட்டையைப் பார்க்காமல் எடுத்து உறைக்குள் போட்டுவிட வேண்டும். யார், எதனால், எங்கே என்பதற்கு அந்த மூன்று அட்டைகள்தான் விடை. மீதி 18 அட்டைகள் ஆடுபவர்கள் கையில். மொத்தம் 6 × 6 × 9, அதாவது 324 விடைகள் சாத்தியம். உங்கள் கையில் இரண்டு ஆட்கள், ஓர் ஆயுதம், இரண்டு அறைகள் வந்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே அது 4 × 5 × 7 = 140 ஆகக் குறைந்துவிடுகிறது. மீதியை மற்றவர்களிடம் கேட்டுக் கேட்டுக் குறைக்க வேண்டும்.

இதை உருவாக்கியவர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஆன்டனி பிராட். பியானோ வாசிப்பவர். போர்க்காலத்தில் தொழிற்சாலை வேலை. 1944 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பலகையில் இருக்கும் மாளிகையின் வரைபடத்தை அவருடைய மனைவி எல்வா வரைந்தார். லீட்ஸ் நகரத்து வாடிங்டன்ஸ் நிறுவனம் ஆட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டால் அது கடைக்கு வர 1949 ஆகிவிட்டது. பிராட் முதலில் வைத்திருந்த வடிவத்தில் பத்து ஆட்களும் ஒன்பது ஆயுதங்களும் இருந்தன. வெடிகுண்டு, ஊசி எல்லாம் அதில் உண்டு. அச்சுக்கு வரும்போது அவை கழிக்கப்பட்டன. குழந்தைகள் கையில் போகும் பெட்டிக்குக் கயிறும் மெழுகுவர்த்தித் தண்டும் போதும் என்றே எனக்கும் தோன்றுகிறது.

பெயரிலேயே நமக்கு ஓர் உறவு இருக்கிறது. துப்பு என்று பொருள்படும் 'குளூ'வும் 'லூடோ'வும் சேர்ந்துதான் குளூடோ. லூடோ நம் நாட்டுப் பச்சீசியிலிருந்து இங்கிலாந்துக்குப் போன ஆட்டம். அமெரிக்காவில் லூடோ என்ற பெயர் அவ்வளவாகப் பழக்கம் இல்லாததால் அங்கே இந்த ஆட்டத்துக்குக் 'குளூ' என்று மட்டும் பெயர். செத்துப்போனவருக்கும் இரண்டு பெயர்: இங்கிலாந்தில் டாக்டர் பிளாக், அமெரிக்காவில் மிஸ்டர் பாடி. ரெவரெண்ட் கிரீன் அங்கே மிஸ்டர் கிரீன் ஆகிவிட்டார். நாடும் பதிப்பும் மாற மாற விதிகளிலும் சில்லறை மாற்றங்கள் உண்டு. ஒரே வீட்டில் இருவர் இரண்டு விதமாகச் சாதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உறவினர் வீட்டில் ஆடிப் பழகியவர் ஒன்று சொல்வார், நம் பெட்டியில் வேறொன்று இருக்கும். பெட்டியில் இருப்பதே அந்த வீட்டுக்குச் சட்டம் என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது.

சிற்றேட்டை இரண்டாம் முறை படித்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. குழப்பமான விதி என்று நாங்கள் சண்டை போட்ட இடங்கள் எல்லாமே ஒரே கேள்வியில் வந்து நின்றன. இந்த ஆட்டத்தில் யார் ஏமாற்றலாம், யார் ஏமாற்றக்கூடாது? கேட்பவர் ஏமாற்றலாம். பதில் சொல்பவர் ஏமாற்றக்கூடாது. இந்த ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகள் தாமாகவே அதனதன் இடத்தில் போய் உட்காருகின்றன.

முதலில் கேட்பவர். ஓர் அறைக்குள் நுழைந்ததும் ஓர் ஆளையும் ஓர் ஆயுதத்தையும் சேர்த்து அந்த அறையின் பெயரோடு கேட்கலாம். அறை மட்டும் நாம் நிற்கிற அறையாகவே இருக்க வேண்டும். நூலகத்தில் நின்றுகொண்டு சமையலறையைப் பற்றிக் கேட்க முடியாது. ஆளும் ஆயுதமும் நம் விருப்பம். நம் கையிலேயே இருக்கும் அட்டையின் பெயரைச் சொல்லலாமா? இதற்காக எங்கள் வீட்டில் எத்தனையோ முறை குரல் உயர்ந்திருக்கிறது. சொல்லலாம். தாராளமாகச் சொல்லலாம். பீக்காக்கும் நூலகமும் என் கையில் இருக்கும்போது "பீக்காக், ரிவால்வர், நூலகம்" என்று கேட்டால், எனக்கு வரும் பதில் ரிவால்வரைப் பற்றி மட்டுமே இருக்க முடியும். மற்றவர்களோ மூன்றில் எது என்று குழம்புவார்கள். யாரும் காட்டவில்லை என்றால் ரிவால்வர் உறைக்குள் இருப்பது எனக்கு மட்டும் தெரியும்.

"அது பொய் இல்லையா சித்தி?" என்று அன்று காலை மகள் கேட்டாள். இல்லை. கேள்வியில் பொய் கிடையாது. நான் பீக்காக் செய்தார் என்று சொல்லவில்லை, பீக்காக்கோ என்று கேட்கிறேன்.

இதைச் சொல்லும்போதுதான் நாங்கள் இத்தனை நாள் தடுக்கிய இடம் எனக்கே தெளிவானது. சிற்றேட்டில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று ஊகம், மற்றொன்று குற்றச்சாட்டு. ஊகத்தை ஒவ்வொரு முறை அறைக்குள் நுழையும்போதும் முன்வைக்கலாம். குற்றச்சாட்டை ஆட்டம் முழுவதிலும் ஒருவர் ஒரே ஒரு முறைதான் சொல்ல முடியும். சரியாக இருந்தால் வெற்றி, தவறினால் அவருக்கு விசாரணை முடிந்தது. வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம் அது. ஆனால் எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஒரே பேச்சுதான்: "நான் சொல்கிறேன், பிளம், கயிறு, படிப்பறை." எதற்காகச் சொல்கிறாள் என்பது சொல்கிறவளுக்கே சில நேரம் தெரியாது. சின்னவன் ஒருமுறை சாதாரணமாகக் கேட்டதை நாங்கள் குற்றச்சாட்டு என்று எடுத்துக்கொண்டு உறையை நீட்டியிருக்கிறோம்.

தமிழில் இதற்கு வழி இருக்கிறது. ஓரிரு எழுத்துப் போதும். ஊகம் என்றால் ஓகாரத்தில் முடிக்க வேண்டும்: "மஸ்டர்டோ, கயிற்றாலோ, நூலகத்திலோ?" குற்றச்சாட்டு என்றால் 'தான்' வைக்க வேண்டும்: "மஸ்டர்ட்தான், கயிற்றால்தான், நூலகத்தில்தான்." ஓகாரத்தில் சந்தேகம் இருக்கிறது. 'தான்' என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. இதை விதியாக வைத்த நாளிலிருந்து இந்த விஷயத்தில் ஒரு சண்டையும் வரவில்லை. சின்னவன் குற்றஞ்சாட்ட நினைக்கும்போது முதல் 'தான்' அவன் வாயில் வருவதற்கு முன் ஒரு நொடி நிற்கிறான். அந்த நொடியில் அவன் யோசிப்பது முகத்தில் தெரிகிறது. மூன்று 'தான்' சொல்லும் வரை அவன் மனத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று நாங்களாகவே ஒரு சலுகையும் வைத்திருக்கிறோம்.

இனிப் பதில் சொல்பவர். ஆட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கேட்டவரின் இடப்பக்கத்தில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டும். கேட்ட மூன்றில் ஒன்று அவரிடம் இருந்தால் காட்டியே ஆக வேண்டும். இரண்டோ மூன்றோ இருந்தால் ஒன்றை மட்டும் காட்டினால் போதும். எது என்பது அவர் விருப்பம். கேட்டவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி காட்ட வேண்டும். அதோடு அந்தக் கேள்வி முடிந்தது, அடுத்தவரிடம் போகாது. எங்கள் வீட்டில் வெகுநாள் வரை எல்லாரும் வரிசையாகக் காட்டிக்கொண்டிருந்தோம். ஆட்டம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், ஏன் இவ்வளவு சப்பென்று இருக்கிறது என்று ஆச்சரியப்படுவோம். ஒருவர் காட்டியதும் கேள்வி நின்றுபோக வேண்டும் என்ற விதி இல்லாவிட்டால் இங்கே துப்பறிவதற்கே எதுவும் மிஞ்சாது.

முதல் ஆளிடம் இல்லை என்றால் அவர் "இல்லை" என்று சொல்ல, கேள்வி அடுத்தவரிடம் போகும். இந்த "இல்லை"யைத்தான் நாங்கள் மலிவாக நினைத்துவிட்டோம். காட்டுகிற அட்டை ஒருவர் கண்ணுக்கு. "இல்லை" என்பது எல்லார் காதுக்கும். ஒரே சொல்லில் மூன்று அட்டைகள் அவரிடம் இல்லை என்று மேசையில் இருக்கும் அனைவருக்கும் தெரிகிறது. நன்றாக ஆடுபவர்கள் தங்களுக்குக் காட்டப்பட்டதைவிட மற்றவர்கள் சொன்ன "இல்லை"களிலிருந்துதான் அதிகம் கண்டுபிடிக்கிறார்கள்.

ஒன்றைக் காட்டுகிறேன். பெட்டியோடு வரும் தாளில் ஒரு பெயருக்கு நேராக ஒரு கட்டம்தான் என்றால் அது போதாது. நான் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பத்தி வரைந்துகொள்வேன். சின்னவன் ஒருமுறை "கிரீனோ, ஸ்பேனராலோ, சாப்பாட்டறையிலோ?" என்று கேட்கிறான். என்னிடம் மூன்றும் இல்லை. அடுத்து அக்கா ஒரு அட்டையை அவனுக்குக் காட்டுகிறாள். எது என்று எனக்குத் தெரியாது. அக்காவின் பத்தியில் மூன்று இடங்களிலும் மெல்ல ஒரு புள்ளி வைக்கிறேன். இரண்டு சுற்றுக்குப் பிறகு நான் கேட்கும்போது மகள் எனக்கு ஸ்பேனரைக் காட்டுகிறாள். அப்படியானால் அக்காவிடம் ஸ்பேனர் கிடையாது, ஒரு புள்ளி போயிற்று. இன்னும் கொஞ்ச நேரத்தில் வேறு யாரோ கிரீனைச் சேர்த்து எதையோ கேட்க, அக்கா "இல்லை" என்கிறாள். இரண்டாவது புள்ளியும் போயிற்று. மிச்சம் சாப்பாட்டறை. யாரும் எனக்குக் காட்டாத ஒரு அட்டை, அக்காவின் கையில் இருப்பதை நான் பார்த்ததுபோலத் தெரிந்துகொண்டேன். அந்தப் புள்ளியைப் பென்சிலால் அழுத்தி நிரப்பும்போது வரும் மகிழ்ச்சிக்காகத்தான் நான் இந்த ஆட்டத்தை இத்தனை வருடம் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

இந்தச் சங்கிலியில் அக்காவின் அந்த "இல்லை" மட்டும் தவறாக இருந்திருந்தால்? சாப்பாட்டறை என்று நான் நிரப்பிய புள்ளி தவறு. அதை நம்பி அடுத்து நான் கண்டுபிடிப்பதெல்லாம் தவறு. நான் எவ்வளவு கவனமாக யோசித்தாலும் அது என்னைத் தவறான இடத்துக்கே கொண்டுபோகும். மகளுக்கு நடந்தது அதுதான். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அதனால்தான் அவளுடைய கோபத்தை நான் அடக்கச் சொல்லவில்லை.

காட்டிய அட்டையை மறுபடி காட்ட வேண்டுமா என்ற கேள்விக்கு இப்போது பதில் தானாக வந்துவிடும். காட்ட வேண்டும், எத்தனை முறை கேட்டாலும். முன்பு காட்டியதை இப்போது கேட்பவர் பார்த்திருக்க மாட்டார். அவரே பார்த்திருந்தாலும் கேட்கிற உரிமை அவருக்கு உண்டு. அப்போதும் காட்ட வேண்டும். இதில் காட்டுபவருக்கு ஒரு லாபமும் இருக்கிறது. கையில் கயிறும் கிரீனும் இரண்டும் இருந்து, கேட்பவர் கயிற்றை ஏற்கெனவே பார்த்தவர் என்றால், மறுபடி கயிற்றையே காட்டலாம். அவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. இதைச் சின்னவனுக்குச் சொன்னபோது அவன் அழுத முகத்தில் முதல் முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. காட்டிய அட்டைதான் நல்ல அட்டை என்று அவனாகவே கண்டுபிடித்துச் சொன்னான்.

தவறுதலாக ஒருவர் "இல்லை" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? எங்கள் பெட்டியில் இருக்கும் சிற்றேடு இதைப் பற்றிப் பேசவில்லை. நாங்களாக முடிவு செய்தோம். உறை திறக்கப்படும் முன்பு தெரியவந்தால், உரியவர் கேட்டவரிடம் அந்த அட்டையைக் காட்டிவிட்டு, "அந்த இல்லை செல்லாது" என்று எல்லாருக்கும் சொல்ல வேண்டும். அவரவர் தாளில் திருத்திக்கொள்ள வேண்டும். உறை திறந்த பிறகு தெரிந்தால் அந்த ஆட்டம் யாருக்கும் தோல்வி இல்லை, மறுபடி கலைத்துப் போட வேண்டும். அபராதம் வைக்கலாம் என்று அக்கா சொன்னாள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அபராதத்துக்குப் பயந்தால் பிள்ளை தப்பை ஒப்புக்கொள்ளவே மாட்டான். பயம் இல்லாமல் "மன்னித்துவிடுங்கள், என்னிடம் இருந்தது" என்று அவன் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு. அதோடு, கைக்கு வந்த அட்டைகளை ஆள், ஆயுதம், அறை என்று மூன்றாகப் பிரித்து அடுக்கிக்கொண்டு, கேள்வி வரும்போது மூன்று அடுக்கையும் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்றும் வைத்தோம். பாதித் தவறுகள் அதிலேயே நின்றுவிட்டன.

மற்ற குழப்பங்கள் இவ்வளவு கனமானவை அல்ல. நான்கு பேர் ஆடினால் 18 அட்டைகள் சமமாகப் பிரியாது. இருவருக்கு ஐந்து, இருவருக்கு நான்கு. ஐந்து பேர் என்றால் மூவருக்கு நான்கு, இருவருக்கு மூன்று. அது சரிதான், எதையும் ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. குறைவான அட்டை வந்தவர் மற்றவர்களுக்குக் காட்ட வேண்டியதும் குறைவு. நான்கு பேர் ஆடினாலும் ஆறு காய்களும் பலகையில் இருக்க வேண்டும். யாரும் எடுக்காத மிஸஸ் வைட்டும் கொலை செய்திருக்கலாம் அல்லவா? ஒரு காயை வைத்து ஆடுபவருக்கும் அந்தப் பெயருள்ள குற்றவாளிக்கும் தொடர்பு இல்லை என்பதையும் சின்னவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஸ்கார்லெட் காயை வைத்திருப்பவரே ஸ்கார்லெட் குற்றவாளி என்று கண்டுபிடித்து வெல்லலாம். எங்கள் சின்னவன் தன் காய் பெயர் வந்தாலே தன்னைத்தான் குற்றம் சாட்டுகிறார்கள் என்று முகம் சுருங்குவான்.

நகர்வதில் இரண்டு மூன்று. நேராகத்தான் நகரலாம், மூலைவாக்கில் கிடையாது. அறைக்குள் நுழையப் பகடையில் சரியான எண் விழ வேண்டியதில்லை. மிச்சம் இருந்தாலும் வாசலைத் தாண்டியதும் நடை முடிந்துவிடும். நடைபாதையில் ஒரு கட்டத்தில் ஒரு காய்தான் நிற்கலாம். அறைக்குள் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒருவர் வாசற்கட்டத்தில் நின்றால் உள்ளே இருப்பவர் அந்த வழியே வெளியேற முடியாது. எனக்கு இது பிடிக்காத விதி. ஆனாலும் விதி. மூலை அறைகளுக்கு இடையே இரகசியப் பாதைகள் உண்டு: சமையலறையிலிருந்து படிப்பறைக்கு, லவுஞ்சிலிருந்து செடியறைக்கு. பகடை உருட்டுவதற்குப் பதிலாகத்தான் அந்தப் பாதை. உருட்டிப் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் பாதை வழியே போவது கிடையாது.

ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு சுற்றுக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கலாமா? கூடாது. வெளியே போய், பிறகொரு முறை திரும்ப நுழைய வேண்டும். இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, அதுதான் பலரைக் குழப்புகிறது. யாராவது ஊகம் சொல்லும்போது அதில் வரும் ஆளின் காயும் ஆயுதமும் அந்த அறைக்கு வந்துவிட வேண்டும். அது இன்னொருவர் ஆடும் காயாக இருந்தாலும் இழுத்துவரலாம். கேள்வி முடிந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகாது. ஆறு கட்டம் தாண்டி நூலகத்து வாசலுக்கு வந்துவிட்ட அக்காவை அவள் மகளே இரண்டு முறை மாளிகையின் மறுகோடிக்கு இழுத்துப் போயிருக்கிறாள். அப்படி இழுத்துவரப்பட்டவருக்கு ஈடாகத்தான் அந்த விலக்கு: அவர் முறை வரும்போது பகடை உருட்டாமல், நின்ற அறையிலேயே ஓர் ஊகம் சொல்லலாம். வேண்டாம் என்றால் வழக்கம்போல நகர்ந்து போகலாம்.

குற்றச்சாட்டுக்கு வருகிறேன். எங்கள் பெட்டியின்படி, தன் முறையில், எந்த இடத்தில் நின்றும் எந்த அறையையும் சொல்லிக் குற்றஞ்சாட்டலாம். பலகையின் நடுவில் உள்ள இடத்துக்குப் போய்த்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கும் பதிப்புகளும் உண்டு. ஊகத்துக்கு யாராலும் காட்ட முடியாதபோது, அதே முறையில் தொடர்ந்து குற்றஞ்சாட்டலாம், இல்லாவிட்டால் முறையை முடித்துக்கொள்ளலாம். குற்றஞ்சாட்டியவர் மட்டும் உறையைத் திறந்து, தனக்குள் பார்க்க வேண்டும். சரி என்றால் அட்டைகளை விரித்துக் காட்டலாம். தவறு என்றால் ஒரு சொல்லும் சொல்லாமல், எத்தனை சரி எத்தனை தவறு என்பதைக்கூடக் காட்டிக்கொள்ளாமல், அட்டைகளை உறைக்குள் திரும்பப் போட்டுவிட வேண்டும். அவர் இனி நகரவோ கேட்கவோ முடியாது. அவர் காய் வாசலை மறித்து நின்றால் அறைக்குள் தள்ளிவைக்க வேண்டும். ஆனால் எழுந்து போக முடியாது. கையில் அட்டைகள் இருக்கின்றன அல்லவா? ஆட்டம் முடியும் வரை மற்றவர்கள் கேட்கும்போதெல்லாம் உண்மையாகக் காட்டியாக வேண்டும்.

அவர்கள் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய இரவு மறுபடி பலகையை விரித்தோம். சின்னவன் இந்த முறை எனக்கு நேர் எதிரே, அக்காவுக்கும் அவள் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்தான். தாளில் அவனே ஸ்கேல் வைத்து நான்கு பத்தி வரைந்திருந்தான். முக்கால் மணி நேரம் கழித்து, அவன் முறை வந்தபோது பென்சிலைக் கீழே வைத்தான். "மஸ்டர்ட்தான்" என்றான். கொஞ்சம் நின்றான். "குறுவாளால்தான்." இன்னும் கொஞ்சம். "நடன அறையில்தான்."

உறையை மார்போடு அணைத்துத் திறந்து பார்த்தான். நாங்கள் மூவரும் அவன் முகத்தையே பார்த்தோம். அதில் எதுவும் தெரியவில்லை. மூன்று அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, மெதுவாக உள்ளே போட்டு, உறையைப் பலகையின் நடுவில் வைத்தான். தன் காயை வாசலிலிருந்து எடுத்து நடன அறைக்குள் நகர்த்தினான். பிறகு தன் அட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

விடை தெரிந்த ஒரே ஆள் அவன். அடுத்த இருபது நிமிடமும் கேட்டபோதெல்லாம் மூன்று அடுக்கையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னான். "கிரீனோ, கயிற்றாலோ, லவுஞ்சிலோ?" என்று அவனுடைய அக்கா கேட்டாள். அன்றைக்கும் கயிறு அவன் கையில்தான் வந்திருந்தது. அந்த இரவில் அதை அவன் எடுத்து அவளுக்குக் காட்டியது நான்காவது முறை.